கேள்விக்குறிகள் மட்டும்

அக்கா, உன் அலமாரியில் கிடைத்ததாக உன் மகள் நேற்று ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைச் சுற்றியிருந்த துணியில் உன் தைல வாசனை இன்னும் போகவில்லை. நீ எழுதிவைத்ததைப் புத்தகமாகப் போட வேண்டுமாம்.

திறந்தேன். பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். சேமித்த எழுத்து எந்த என்கோடிங்கில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஒரு ஃபங்ஷன் என் வேலையிடத்து நிரல் நூலகத்தில் உண்டு. உன் பழைய எழுத்துருவின் தடம் ஏதாவது மிச்சமிருந்தால் மீட்டுவிடலாம் என்று அதை ஓட்டினேன். ‘ஆஸ்கி’ என்றது. ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும் மட்டுமே அடங்கிய முறை அது. கேள்விக்குறிக்குப் பின்னால் தமிழ் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. முப்பத்தெட்டுக் கோப்புகளுக்கும் அதே பதில்.

கையுறைத் தொழிற்சாலையில் வாரம் ஆறு நாள் நின்று வேலை செய்துவிட்டு, ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் போய் ஈப்போவின் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கினாய். கோலா கங்சார் பக்கம் நம் ரப்பர் தோட்டம் மூடப்பட்டபோது சிதறிப்போன பால்மரம் வெட்டிய பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தாய். ஒருமுறை நான் ஒரு வாக்கியத்தைத் திருத்தப் போனேன். “அவங்க பேச்சுலா அது. நீ கை வைக்காத” என்றாய்.

உன் கணினி பழுதாகிக்கொண்டிருந்த வாரம், எல்லாவற்றையும் புதிய வடிவத்துக்கு மாற்றி இந்தப் பென்டிரைவில் போட்டது நான்தான். மாற்றும் முன் அந்தச் சோதனையை ஓட்டியிருந்தால் உன் பழைய எழுத்துரு அப்படியே மாறாது, கேள்விக்குறியாகிவிடும் என்று தெரிந்திருக்கும். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று விட்டுவிட்டேன். மாலையில் நீ போன் செய்தாய்.

“தொறந்து பாத்தியா தம்பி? எழுத்தெல்லாம் இருக்கா?”

“பாத்தேன்க்கா. எல்லாம் இருக்கு.”

பார்க்கவில்லை. என் பேச்சை நம்பி மறுநாளே பழைய கணினியைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டாய். புதிது வாங்குவதற்குள் நோய் வந்தது. கடைசி வாரம் மருத்துவமனையில், அதெல்லாம் பத்திரமாக இருக்கிறது, அது போதும் என்று நீ சொன்னபோது, உன் முகத்தைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்தப் பெண்களில் பலர் உனக்கு முன்பே போய்விட்டார்கள். இனி யாரிடம் போய்க் கேட்பது?

இன்று உன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை.

“ஒன்னாச்சும் ஞாபகம் இருக்கா மாமா?”

ஒன்று இருக்கிறது. தோட்டத்தை விட்டுப் போகும் தாளில் கையெழுத்துப் போடுவதற்காகவே ஒரு பெண் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். ஒரு மாதம் பழகினாள். அன்றைக்கு ஆபீசில், அவளைக் கேட்காமலே கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்திவிட்டார்கள். அதை நீ எனக்குப் படித்துக் காட்டினாய். நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாள்.

எவ்வளவு யோசித்தும் அந்தப் பெயர் வரவில்லை, அக்கா.