அந்தப் பையன் கேட்ட சக்தி

1968 ஜூலை, ஞாயிறு இரவு. தாம்பரம்.

என் மகள் லில்லியைப் பெண் பார்க்கப் பல்லாவரத்திலிருந்து வந்திருந்தார்கள். பரம்பரைக் கிறிஸ்தவர்களாம். கிளம்பும்போது பையனையே ஜெபிக்கச் சொன்னேன். லில்லி கிணற்றடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே, எங்களுக்கு சக்தி குடுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வடமொழி பலம்தான் வேதாகமத்தில் பெலன் ஆனது. காய்ச்சலில் படுத்தாலும் 'உடம்புல பெலன் இல்ல' என்பார்கள் சர்ச்சில் வளர்ந்தவர்கள். பரம்பரைக் கிறிஸ்தவன் வாயில் 'சக்தி' என்ற கோயில் சொல் எங்கிருந்து வந்தது? அவர்கள் போனதும் மனைவியிடம் மெல்லக் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே. எதுக்கெடுத்தாலும் சந்தேகமா உங்களுக்கு?" என்றாள் அவள்.

படுக்குமுன் குடும்ப ஜெபம். பேசத் தொடங்கியதிலிருந்து பெலன் கேட்டே ஜெபித்த லில்லி, இன்று கண்ணை மூடி, "சக்தி குடுங்க ஆண்டவரே" என்றாள்.

கிணற்றடிக்கு அவன் குரல் கேட்டிருக்காது. அப்படியென்றால் எத்தனை நாளாக இவளுக்கு அவனைத் தெரியும்?