அப்பா கத்திய வராந்தா

வாலுப் பயலே,

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்து அறையிலேயே படுத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே.

நீ என் வயிற்றில் இருந்தபோதே உன் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டது. டாக்டரம்மா என் வயிற்றின் வழியாகவே உனக்கு ஒரு குட்டிக் குழாய் வைத்தார். பிறந்த பிறகு அடைப்பையும் எடுத்தார்கள். அன்றைக்கே அப்பாவின் புதுச் சட்டையை நனைத்தாய்.

"ஒண்ணுக்குப் போயிட்டான்டி! எம்புள்ள ஒண்ணுக்குப் போயிட்டான்!" என்று வராந்தா முழுக்கக் கத்தினார் அந்த மனுஷன். "சார், இது ஆஸ்பத்திரி" என்று அதட்ட வந்த நர்ஸும் சிரித்துவிட்டாள்.

அந்த அடைப்பு அப்போதே கெடுத்துவிட்ட உன் சிறுநீரகங்கள் இப்போது ஓய்ந்துவிட்டன. நாளை உனக்கு வரப்போகும் என் சிறுநீரகம் உனக்கு ஒன்றும் புதிதில்லை. பத்து மாதம் உன் பக்கத்திலேயே இருந்ததுதான்.

அப்பா இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை. நாளையும் வராந்தாவில்தான் நிற்பார்.

அவரைக் கத்த வைத்துவிடு, கண்ணா.

அம்மா