காற்று திரும்பிய வியாழக்கிழமை

பால்ஸ்
மே மாதம், திங்கட்கிழமை காலை

என் அன்பு மகள் மரியோனாவுக்கு அம்மா எழுதுவது. டுனெடினில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள், நமக்குக் கோடை வரும்போது உலகத்தின் அந்தக் கோடியில் குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளி போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவாய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் இங்கே அப்படியே என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. போனில் சொன்னால் என்ன, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ போன் செய்தால் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிச் சொல்வது. உன்னிடம் பேசும்போது மட்டும் அவருக்கு எங்கிருந்துதான் அந்தச் சாமர்த்தியம் வருகிறதோ, நீ எது கேட்டாலும் காற்றைப் பற்றியும் நெல்வயலுக்குத் தண்ணீர் விட்டதைப் பற்றியும் பேசிச் சிரித்துச் சமாளித்துவிடுகிறார். நீயும் போன தடவை, "அப்பா நல்லாத்தானேம்மா பேசறார், நீதான் சும்மா பயந்து சாகறே" என்றாய். அன்றைக்குப் போனை வைத்த பிறகு, "யாரு பேசினது? நல்ல பொண்ணா இருக்கே" என்று என்னைக் கேட்டார். உனக்குச் சொல்ல மனம் வரவில்லை, இப்போது சொல்லாமல் முடியவில்லை.

குளிர்காலத்திலேயே ஜிரோனாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அந்த டாக்டர் பெண் பொறுமையானவள். ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பி வராது, முதலில் அந்தச் சைக்கிளை எடுத்து எங்காவது ஒளித்து வையுங்கள் என்றாள். சொல்வது சுலபம். கவர்ரெஸ் மலையில் தக்கை மரங்களுக்கு நடுவே ஓடுகிற சரளைப் பாதைகளில் பாதியை இந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்ததே உன் அப்பாதானே. காலையில் சட்டையைப் பின்பக்கம் முன்னால் வரும்படி போட்டுக்கொண்டு நிற்கிற மனிதர், சரளைப் பாதைக்கென்றே செய்த அந்தக் கிராவல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மணலோ கல்லோ ஒரு சறுக்கல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் இளவட்டங்கள்கூட மேட்டில் அவருக்குப் பின்னால்தான் மூச்சு வாங்குகிறார்கள். அதனால் என் பேச்சை ஒருவரும் நம்புவதில்லை. "ரெமெய், ஜெனீஸுக்கு வியாதின்னா எங்களையெல்லாம் எந்த ஆஸ்பத்திரியில சேர்க்கப் போறே?" என்று கேலி செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சல்வி மாமா மட்டும் கேலி செய்யவில்லை. அவர்கள் இருவரும் வாராவாரம் சாப்பிடும் அதே கடையில் உட்கார்ந்துகொண்டு அப்பா, "இடம் நல்லாருக்கே சல்வி, எப்போ திறந்தாங்க?" என்று கேட்டாராம். அன்றைக்கு மாமா எங்கள் சமையலறைக்கு வந்து நின்றுகொண்டே சொன்னார், "தனியா விடாதே, நான் கூடப் போறேன், ஆனா சைக்கிளை மட்டும் பிடுங்கிடாதே, அதையும் பிடுங்கினா மிச்சமிருக்கற ஜெனீஸும் போயிடுவான்." மாமாவுக்கும் முழங்கால் வலி, ஞாயிறு தவிர வியாழக்கிழமை ஒரு நாள்தான் அவரால் முடியும். மற்ற நாளுக்கு நானே கூடப் போகலாம் என்று பேட்டரி வைத்த சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். நீ சிரித்தால் சிரித்துக்கொள், பஞ்சு வைத்த கால்சட்டையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பி, முதல் திருப்பத்திலேயே நெல்வயல் வாய்க்காலில் விழுந்தேன். அப்பா சாயங்காலம் முழுக்கச் சிரித்தார், எதற்குச் சிரிக்கிறோம் என்பது மறந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய சட்டம் உனக்குத் தெரியாததா. போகும்போது காற்று முகத்தில் அடிக்க வேண்டும், வரும்போது முதுகில். வடக்கேயிருந்து த்ரமுந்தானா வீசுகிற நாளில் வடக்கேதான் கிளம்ப வேண்டும், உடம்பில் தெம்பு இருக்கும்போதே காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு, வயிறு நிறையத் தொத்திறைச்சியும் வெள்ளை பீன்ஸும் தின்றுவிட்டு, பிறகு அதே காற்று தள்ளிக்கொண்டு வர வீடு சேர வேண்டும். நீ ஆசையாய் அனுப்பின வழிகாட்டும் கருவி பெட்டி பிரிக்காமல் இழுப்பறையிலேயே கிடக்கிறது. "முகத்துல பட்டா போற வழி, முதுகுல பட்டா வர்ற வழி, இதுல பொட்டியைப் பார்க்க என்ன இருக்கு?" என்றார். ஊர்ப் பெயர்கள் போய்விட்டன, நண்பர்கள் பெயர்கள் போய்விட்டன, இந்தச் சட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அதைப் பார்த்து நானும் கொஞ்சம் தைரியமாய் இருந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை காலையில் த்ரமுந்தானா ஜன்னலைப் பெயர்த்துவிடும் போல அடித்தது. அப்பா வழக்கம்போல் ரொட்டிக் கடை முனையில் மாமாவைச் சந்திக்கக் கிளம்பினார், நான் கொல்லையில் படுக்கை விரிப்புகளை உலர்த்தப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மாமா வந்து கதவைத் தட்டி, "என்ன, இன்னிக்கு ஜெனீஸ் வரலையா?" என்றார். தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன், அவர் இல்லை. ரொட்டிக் கடை முனை, மாமா, வியாழக்கிழமை எல்லாம் அவருக்கு மறந்திருக்கிறது, காற்று மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. அவருடைய போன் சமையலறை மேசையிலேயே கிடந்தது. போலீஸுக்குச் சொன்னோம். ஒரு சின்னப் பையன் மாதிரி போலீஸ்காரர் வந்து எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, நீங்கள் வீட்டிலேயே இருங்கள், அவர் திரும்பி வந்தால் ஆள் இருக்க வேண்டும் என்றார். இருந்தேன். வேறு செய்ய ஒன்றும் இல்லாமல் கொல்லையில் போய் அந்த விரிப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து அவை தெற்கே பார்த்துப் பறந்துகொண்டிருந்தன. மதியத்துக்குக் காற்று விழுந்தது, விரிப்புகள் அசையாமல் தொங்கின. பிறகு மெதுவாய் மறுபக்கம் உப்பி மொன்கிரி மலை இருக்கிற வடக்கைப் பார்த்து எழும்பின. கர்பி, தெற்கேயிருந்து வருகிற கடற்காற்று. மரியோனா, அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, என் உயிரே போய்விட்டது. எங்கே சாப்பிட்டு எழுந்திருந்தாலும் அவர் முதுகுக்குக் காற்றைக் கொடுத்திருப்பார், காற்று முதுகில் இருந்தால் அது வீட்டுக்கு வருகிற வழி, மிதித்து மிதித்து எங்களைவிட்டுத் தூரமாய்ப் போய்க்கொண்டிருப்பார்.

தெருவில் ஓடி அந்தப் போலீஸ்காரரைப் பிடித்து வடக்கே தேடச் சொன்னேன். "அம்மா, வழி தப்பினவங்க எப்பவும் வீட்டுப் பக்கமாத்தான் வருவாங்க, பதறாதீங்க" என்றார். "அவரும் வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கார், ஆனா வீடு இப்போ வடக்கே இருக்குதுன்னு நினைச்சுக்கிட்டு" என்றேன். எனக்கும் அதே வியாதி என்பது போல என்னைப் பார்த்தார். சல்வி மாமா போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் யாராவது இருக்க வேண்டும் என்று சொன்னதெல்லாம் எனக்குக் காதில் ஏறவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். ஃப்ளுவியா ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடையில் விசாரித்தோம். அப்பா அங்கே சாப்பிட்டுப் போயிருக்கிறார், நன்றாகச் சிரித்துப் பேசியிருக்கிறார். "வீட்டுல தேடுவாங்கன்னு சொல்லிட்டுக் கிளம்பினார், எதிர்ப்பக்கம் போறீங்களேன்னு கத்தினேன், கையை ஆட்டிட்டுப் போயிட்டார்" என்றார் கடைக்காரர். அதற்குப் பிறகு ஆப்பிள் தோட்டங்கள், சதுப்பு நிலம், திராட்சைத் தோட்டங்கள் என்று ஒவ்வொரு மண்பாதையாய் இறங்கி இறங்கிப் பார்த்தோம். ஒவ்வொரு வாய்க்காலிலும் நான் சக்கரத்தைத் தேடினேன். கடவுளிடம் என்னென்னவோ பேரம் பேசினேன், அதை உனக்கு எழுத மாட்டேன்.

பிரெஞ்சு எல்லை மலையின் அடிவாரத்தில் கர்ரிகேயாவில், பொழுது சாயும் நேரத்தில் கண்டுபிடித்தோம். நம் வீடு மாதிரியே பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான் எப்போதும் திட்டுவேனே சேற்றோடு உள்ளே வராதே என்று, ஷூ இரண்டையும் கழற்றி ஜோடியாய்ப் படியோரம் வைத்துவிட்டு, காலுறையோடு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்காரி தனியாக இருக்கிறவள், நல்ல மனுஷி, தக்காளி தேய்த்த ரொட்டி கொடுத்திருந்தாள். அவள்தான் என்னை ஓரமாய்க் கூப்பிட்டுச் சொன்னாள். "சாவி சேரலைன்னு ரொம்ப நேரம் திருகினார், ஐயா இது உங்க வீடு இல்லையேன்னு மாடியிலேர்ந்து சொன்னேன், கோவிச்சுக்கவே இல்லை. 'உள்ளே எம்பொண்ணு மரியோனா இருக்கா, சின்னப் பொண்ணு, தாழ்ப்பாள் எட்டாது, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறித்தான் திறப்பா, கொஞ்சம் நேரமாகும், நான் இங்கேயே காத்துக்கிட்டிருக்கேன்'னார்." நான் கிட்டே போனதும் நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா ரெமெய், உக்காரு, பொண்ணு திறப்பா" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், வேறு என்ன செய்ய. சல்வி மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிளைக் காரில் ஏற்றினார்.

சைக்கிள் இப்போது மாமா வீட்டுக் கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது. அன்றிலிருந்து அப்பா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடக்கிறார். வாசலுக்குப் போய் முகத்தை நீட்டிக் காற்றைப் பார்க்கிறார், "என் சைக்கிளை யாரோ எடுத்துட்டாங்க ரெமெய், போலீஸ்ல சொல்லு" என்கிறார். நேற்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நம் தெரு வழியாகப் போனது, கல் பாவின தெருவில் சக்கரச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினார், நான் கதவைப் பூட்டியிருந்தேன். குழந்தை மாதிரி அழுதார். சாப்பாட்டைத் தொடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை மகளே. சைக்கிளைக் கொடுத்தால் எங்காவது போய்விடுவார், கொடுக்காவிட்டால் என் கண் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு போய்விடுவார். ராத்திரி அவர் தூங்கின பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது. டாக்டரிடம் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி என்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லாதே, அதுவரை அந்தச் சின்னப் பொண்ணும் அவர் மனதில் இருப்பாளோ என்னவோ. உன் வேலை எனக்குத் தெரியும், எவ்வளவு தூரம் என்றும் தெரியும், இதுவரை நீ வா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா. இப்போது கேட்கிறேன், காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், வா. பரிசுப் பொருள் எதுவும் வாங்காதே. நீ வந்த பிறகு த்ரமுந்தானா அடிக்கிற ஒரு நாளாகப் பார்த்து, சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, மாமாவோடு அவரை ஆற்றுப்பாலம் வரை அனுப்புவேன், கர்பி எழும்புவதற்குள் திரும்பிவிடுவார்கள். பெரியவளாகிவிட்ட உன்னை அவருக்கு அடையாளம் தெரியுமோ தெரியாதோ, அதை நான் சத்தியம் செய்து சொல்ல முடியாது, நீயும் மனதைத் தயார் செய்துகொண்டு வா.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீ சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. மொன்செராத் மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. அவர் திரும்பி வந்து, படியோரம் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் தட்டும்போது, நான் சமையலறையை விட்டு வரமாட்டேன். நீயும் ஓடிப்போய் உடனே திறந்துவிடாதே. முதலில் நாற்காலியைத் தரையில் இழு, அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கட்டும், பிறகு திற.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா ரெமெய்