களப்புப் பாதையை அடைக்கும் வரைபடம்

அனுப்புநர்:
அ. ஸ்ரெல்லா,
சூசையப்பர் குடியிருப்பு,
முல்லைத்தீவு.

பெறுநர்:
திட்டப் பணிப்பாளர் அவர்கள்,
களப்போர நகர வடிவமைப்புத் திட்டம்,
முல்லைத்தீவு.

விடயம்: எங்கள் பாதையை மூடும் கணினி வரைபடத்துக்கு ஆட்சேபம்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் களப்பின் உப்புத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடித்துப் பிழைப்பவள். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் இந்த இறாலில்தான். எங்கள் குடியிருப்பிலிருந்து களப்புக்குப் போக ஒரேயொரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. தங்கள் புதிய வரைபடத்தில் அது இல்லை. அந்த இடத்தில் மதிலும் வாகனத் தரிப்பிடமும் இருக்கின்றன.

2. சென்ற மாதக் கூட்டத்தில் தங்கள் வடிவமைப்பாளர் திரு. நிருஷன் விளக்கம் தந்தார். பல நகரங்களின் வரைபடங்களைப் பார்த்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு இதை வரைந்ததாம். சனம் எங்கே நடக்கிறது என்பதைக் கைத்தொலைபேசிச் சமிக்ஞைகளிலிருந்து அதுவே கற்றுக்கொண்டதாம். எங்கள் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை என்று திரையில் காட்டினார். மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்ல மாட்டேன்.

3. ஐயா, நாங்கள் கழுத்தளவு உப்புத் தண்ணீரில் இருந்துகொண்டு இறாலைத் தடவிப் பிடிக்கிறவர்கள். தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவோம். இதைச் சொன்னபோது, இனிமேல் அதைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு நடந்தால் கணினி எங்களையும் கணக்கில் எடுக்கும் என்று அவரிடமிருந்து பதில் வந்தது. என் அயலவர் அருளம்மா எழுந்து, "உங்கட மெசினுக்குக் காட்டுறதுக்கோ நாங்கள் நடக்கிறம்? பிள்ளையளின்ர சோத்துக்கு நடக்கிறம், தம்பி" என்றார். கூட்டம் சிரித்தது.

4. மதில் எழும்பினால் பெருவீதியால் சுற்றித்தான் வர வேண்டும். ஈர உடுப்போடும் இறால் கூடையோடும் எங்களை எந்த பஸ்ஸும் ஏற்றாது. நடந்து சந்தைக்கு வந்து சேர வெயில் ஏறிவிடும், இறால் பழுதாகிவிடும். காற்று வாங்க வருபவர்களின் கார் நிற்பதற்காக என் அடுப்பு அணைய வேண்டுமா?

5. கணினியோடு எனக்குச் சண்டை இல்லை. காட்டியதைத்தான் அது படித்திருக்கும். காட்டியவர்கள் ஒரு தடவையாவது நாங்கள் வேலைக்குப் போகும் விடியற்காலையில் வந்து பார்த்திருக்கலாம். ஆகவே, பாதையை வரைபடத்தில் திரும்பச் சேர்த்து, அந்தப் பிரதியை எங்கள் தேவாலய முன்றலில் எல்லோருக்கும் காட்டுமாறு கேட்கிறேன். வேறு பாதை தருவதாகச் சொன்னால் ஏற்கமாட்டோம்.

6. மதிலுக்கு அளந்து தங்கள் ஆட்கள் பாதையில் அடித்திருந்த அளவைக் கட்டைகள் இப்போது அங்கே இல்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் வழியில் பிடுங்கினேன். யாரென்று விசாரித்து மற்றப் பெண்களைப் பயமுறுத்த வேண்டாம். பிடுங்கியது நான்தான். திரும்ப அடித்தால் திரும்பப் பிடுங்குவேன்.

இடம்: முல்லைத்தீவு
திகதி: 2025.03.14

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும், அதுவரை அதே பாதையால் வேலைக்குப் போகும்,
அ. ஸ்ரெல்லா
(கையொப்பம்)