அவளுக்குக் கூச்ச சுபாவம்

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. பட்டறையில் நசுங்கிய கார் கதவு ஒன்றைக் கொடுத்தால், பழைய பெயிண்ட் எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று வண்டிக்காரனே கண்டுபிடிக்க முடியாதபடி அடித்துக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம். சொந்தத் தாடை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

தப்பு என்னுடையதுதான். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்த்து, முகத்துக்குப் பூசுகிற ஃபவுண்டேஷன் வாங்கிவிட்டேன். வெயிலில் வைத்துப் பார்க்காமல் நிறம் கலக்காதே என்று பட்டறையில் எல்லோரிடமும் கத்துகிற ஆள் நான். ஜன்னலோரம் கண்ணாடியைக் கொண்டுபோனால், முகம் ஒரு வண்டி, கழுத்து வேறொரு வண்டி.

சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க ஆளில்லை, நின்றுவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

கடைக்குப் போனேன். நேற்றே போயிருக்க வேண்டியது, வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

"யாருக்கு சார்?"

"அக்காவுக்கு."

"அவங்க என்ன நிறம்?"

"என் நிறம்தான்."

கடைக்காரப் பெண் என் கையைப் பிடித்து மணிக்கட்டில் மூன்று கோடு இழுத்தாள். வாசல் வெளிச்சத்தில் பார்த்து நடுக்கோட்டின் நிறத்தை வாங்கினேன். அவள் கையைப் பிடித்திருந்தது பத்து விநாடி இருக்கும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது — ஒரு மனுஷக் கை பட்டு எத்தனை நாளாயிற்று?

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டது. சவரம் செய்த இடத்தில் நீலம் பாய்ந்த மாதிரி தெரிகிறதே, அங்கே முதலில் ஆரஞ்சு லிப்ஸ்டிக்கை லேசாகத் தடவி, அதன்மேல் ஃபவுண்டேஷன். அடியில் இருக்கும் கறுப்பை மறைக்க முதலில் சிவப்புப் பிரைமர் அடிப்பதில்லையா, அதேதான். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் பத்து நிமிஷம் காயவிட்டேன். இப்படி யாராவது செய்வார்களா தெரியாது. எனக்குத் தெரிந்த வேலை இதுதான்.

கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சிவப்பு, நீலச் சுடிதார். அப்புறம் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அப்பாடா என்று இருந்தது.

சாயங்காலம் லிப்ஸ்டிக் போகவில்லை. நாள் முழுக்க நிற்கும் என்று மூடியில் போட்டிருந்தான், சொன்ன சொல் காப்பாற்றுகிறான். சோப்பு, எண்ணெய், ஒன்றுக்கும் மசியவில்லை. காலையில் வேலை. அலமாரியில் தின்னர் பாட்டில் கண்ணில் பட்டது.

மார்ச் 10, திங்கள்

உதடு இரண்டும் வெந்துபோய் வீங்கிவிட்டன. பெயிண்டைக் கழுவுகிற தின்னரை வாயில் தேய்த்துக்கொண்ட முட்டாள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"என்னப்பா, தேனீ முத்தம் குடுத்துச்சா?" என்றார், நசுங்கலைத் தட்டி எடுக்கிற டிங்கர் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. மத்தியானம் அவரே மருந்துக்கடையில் களிம்பு வாங்கிவந்து கையில் திணித்தார்.

நல்ல மனுஷன். ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் நிற்கிறார். இவரிடம் சொன்னால் என்ன? — வேண்டாம். அடுத்த டீக்குள் பட்டறை பூராவும் தெரிந்துவிடும்.

மார்ச் 15, சனி

அக்கா வந்தாள். மாசத்துக்கு ஒரு தடவை வருவாள். வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் துடைப்பத்தை எடுப்பாள். அவளை விட்டால் எனக்குப் போன் அடிக்கவும் நாதியில்லை.

கட்டிலுக்கடியில் கூட்டும்போது டப்பா அகப்பட்டுவிட்டது. பவுடர், லிப்ஸ்டிக், கண்மை. சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"உனக்கும் ஒருத்தி கிடைச்சுட்டாளாடா? என்கிட்ட போய் மறைப்பியா?"

எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. எனக்கப்புறம் உனக்கு யாருடா என்று இருபது வருஷமாகப் புலம்புகிறவள். அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லையென்பது? தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

வாரம் ஒரு தடவை வந்த போன் இப்போது தினமும் வருகிறது.

"அவ எப்படி இருப்பா?"

"என்னை மாதிரிதான்க்கா."

"உன்னை மாதிரின்னா விளங்கின மாதிரிதான். லட்சணமா இருப்பாளா?"

"இப்பதான் அலங்காரம் பண்ணிக்கவே கத்துக்கறா."

"ஏன் வீட்டுக்குக் கூட்டிட்டு வரல?"

"கூச்ச சுபாவம். வெளியிலயே வர மாட்டா."

"பாவம்டா. எடுத்துச் சொல்ல ஆளில்லாம வளந்திருப்பா. அவளைத் திட்டாம பாத்துக்க."

போனை வைத்துவிட்டு எருமை மாதிரி அழுதேன்.

மார்ச் 25, செவ்வாய்

பொய் சொல்கிற மாதிரியே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம், அவளைப் பார்க்க. அவளுக்கு வேலை இருக்கும் என்றேன். "வேலை முடிஞ்சு வரட்டும், நான் எங்க ஓடிடப் போறேன்?"

என்னை விட்டுப் போய்விட்டாள் என்று கதை கட்டலாமா? கட்டினால் ஆயுசுக்கும் அக்கா அவளைக் கரித்துக்கொட்டுவாள். அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. உண்மையைச் சொன்னாலோ எனக்கு அக்கா இல்லை. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

மார்ச் 30, ஞாயிறு

அக்கா சின்னக் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிவந்திருந்தாள். அவளுக்காம். மேசைமேல் வைத்துவிட்டு, "எங்கடா அவ?" என்றாள்.

"வேற யாரும் இல்லக்கா. அந்த டப்பா என்னுது. நான்தான் போட்டுக்கறேன்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். உதட்டில் இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்தது.

"நாடகம் கீடகம் போடறியா?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்கு?"

"நிம்மதியா இருக்கு."

கடிகாரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள், இரண்டு தடவை ஜிப் சிக்கியது. நான் போட்ட டீயில் ஆடை படிந்துவிட்டது. வாசலில் என்னைப் பார்க்காமல் "போறேன்" என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லாமல் அவள் படியிறங்கி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

போன் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் அடித்தேன். எடுக்கவில்லை. டப்பாவைக் குப்பையில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்து வைத்தேன். மானங்கெட்ட பிழைப்பு.

ஏப்ரல் 15, செவ்வாய்

"யாராவது போய்ட்டாங்களாப்பா, இப்படி இருக்க?" என்றார் டிங்கர் அண்ணன்.

இல்லை என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பூசக் கூடாது என்றுதான் இருந்தேன். பத்து மணிக்குமேல் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்தும் முகமும் ஒன்றாகத் தெரிந்தன. ஒட்டே தெரியவில்லை. யாரிடம் சொல்ல?

மத்தியானம் போன். அக்கா.

முட்டிவலி, ஓடாத மோட்டார், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை என்று பேசிக்கொண்டே போனாள். நான் உம் கொட்டினேன். திடீரென்று குரலை இறக்கி, "இப்ப போட்டிருக்கியா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா."

"கூட யாரு?"

"யாரும் இல்லக்கா."

"இத்தனை நாள்ல ஒருத்தர்கூடவா பாத்ததில்ல?"

"கண்ணாடிதான்."

சத்தமே இல்லை. வைத்துவிட்டாள் என்று நினைத்துப் போனைப் பார்த்தேன். திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சினாள்.

"மூணு வாரமா யோசிச்சுட்டேன். எனக்குப் புரியல. புரியும்னும் தோணல." அப்புறம் திட்டுகிற குரலில், "அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். நான் வர்றேன்னு துடைச்சிட்டு நிக்காத."

சரி என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. அழுததில் மை கன்னம்வரை இறங்கிவிட்டது. இன்னும் ஏழு நாள் இருக்கிறது. கண்ணீருக்குக் கரையாத மை இருக்கிறதா என்று கடையில் கேட்க வேண்டும்.