ட்ரிட்டியம் என்றால் மூணு

விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரிக்கத் தெரிந்த என் அப்பாவுக்கு,

ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். செவிலிமேட்டிலிருந்து தினமும் பஸ்தான். கண்டக்டர் விசில் ஊதினால் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

போன வாரம் ஹைட்ரஜன் பாடம். அதில் மூன்று வகை உண்டு. மூன்றிலும் ஒரே ஒரு புரோட்டான்தான். நியூட்ரான் மட்டும் முதலாவதில் கிடையாது, அடுத்ததில் ஒன்று, கடைசியில் இரண்டு. அந்தக் கடைசிக்குத்தான் கதிரியக்கம். பெயர் ட்ரிட்டியம். கிரேக்கச் சொல், 'மூன்றாவது' என்று பொருள், அவ்வளவுதான்.

முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள்: "பாவம் மேடம். பேரே வெக்காம நம்பர் போட்டு உட்டுட்டாங்களா?" வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் காது சுட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் போக நாங்கள் மூன்று பெண்களும் உன் பஸ்ஸில் ஏறும்போது கத்துவாய்: "ஒண்ணு ஏறு, ரெண்டு ஏறு. மூணு ஏறிடுச்சா?" அதற்கப்புறம்தான் விசில். பத்தாம் வகுப்பில் ஒருநாள், பஸ் நிறைய ஆள் இருக்கும்போது, "எனக்குப் பேர் இல்லியா? மூணுன்னு கூப்பிடாதே" என்று வெடுக்கென்று சொன்னேன். மறுநாளிலிருந்து நீ கூப்பிடவில்லை.

மூன்றாவதும் பெண்ணா என்று அத்தை அலுத்துக்கொண்டதைக் கேட்டு வளர்ந்தவள் நான். உன் எண்ணிலும் அந்த அலுப்பு இருக்குமோ என்று ஒரு பயம். கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் நீ போய்விட்டாய்.

அன்று சாயந்திரம் அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"உனக்குப் போதும்பொண்ணுன்னு பேரு வெக்கச் சொல்லி உங்க அத்தை ஒரே ரகளை. அப்பதான் அடுத்தது ஆம்பளப் புள்ளயாம். உங்கப்பா இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஏற வர்றவங்களையே போதும்னு நான் எறக்கி உட்டதில்லக்கா. எம் பொண்ணப் போயி போதும்பேனா? இது மூணு. ஏறட்டும்'னாரு."

"நான் திட்டினப்போ?"

"'மூணுக்கு ரோசம் வந்துடுச்சி'ன்னு சிரிச்சிக்கினு இருந்தாரு. அப்புறம் மனசுக்குள்ளயே எண்ணிட்டுத்தான் விசில் ஊதுவாராம்."

கீரைக்காம்பை எடுத்து நானும் ஆய ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது?

ட்ரிட்டியம் பன்னிரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனால் பாதியாகிவிடும். நீ போயும் ஏறக்குறைய அவ்வளவுதான். உன் குரலில் எந்தப் பாதி குறைந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

மறுவகுப்பில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "அது நம்பர் இல்லம்மா. பேரேதான்." பெரியக்காவிடமும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படியா, இன்னா மூணு?" என்று உடனே ஆரம்பித்துவிட்டாள். சுகமாகத்தான் இருந்தது.

இனி யார் அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். விசிலுக்கும்தான். இது உனக்குத் தரும் வாக்கு.

மூணு ஏறிடுச்சிப்பா. விசில் ஊது.

போதும் என்று நீ சொல்லாத உன் மகள்,
மூணு