நீங்கள் வேண்டாம் என்ற ஆப்பரேஷன்

அன்புள்ள அப்பா,

அன்புள்ள என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்து அழிக்கவில்லை, இருக்கட்டும்.

நீங்கள் இறந்து ஆறு மாதம் கழித்து, உங்கள் டிரங்குப் பெட்டியில் என் பழைய ஆஸ்பத்திரி ஃபைல் கிடைத்தது. எனக்கு வலிப்பு மூளையில் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது, ஆப்பரேஷனில் அதை எடுத்துவிடலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கீழே ‘விருப்பமில்லை’ என்று உங்கள் கையெழுத்து. எஸ்டேட்டில் கணக்கு எழுதிய ரைட்டர் அல்லவா, முத்து முத்தாக இருக்கிறது.

அன்று எனக்குப் பதினாறு வயது. என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். திரும்பி வந்து, “உனக்கு ஆப்பரேசன் ஒத்து வராதாமா கண்ணு, மாத்திரையே போதும்னுட்டாங்க” என்றீர்கள். நம்பினேன். ஏற்காடு வந்து சேரும்வரை பஸ்ஸில் உங்கள் தோளில்தான் சாய்ந்து வந்தேன். நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு எத்தனை முறை பஜாரில் விழுந்திருப்பேன்? ஒவ்வொரு முறையும் காபி ஸ்டோர் சாவிக்கொத்தை என் கையில் திணித்தீர்கள். தெளிந்ததும், சாவிதான் காப்பாற்றியது என்பீர்கள். கூசவில்லையா?

ஃபைலோடு டாக்டரிடம் போனேன். “அப்ப ஒரு பக்கந்தாம்மா. இப்ப ரெண்டு பக்கமும் கிளம்புது, வெட்டி எடுக்க முடியாது” என்றார். அதனால் என் நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு கருவி வைத்து, கழுத்து நரம்போடு இணைத்திருக்கிறார்கள். வலிப்பைக் குறைக்குமாம், நிறுத்தாதாம். வலிப்பு வந்தால் அந்தக் கருவியின்மேல் ஒரு காந்தத்தைக் காட்டி எடுக்க வேண்டும். போன வாரம் வந்தபோது, அம்மா காந்தத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை இறுக்கி மூடிப் பிடித்திருந்தார். “அதுவும் இரும்பு மாதிரித்தானே சாமி?” என்கிறார். எல்லாம் நீங்கள் பழக்கிய வைத்தியம்.

“ஆப்பரேசன் மேசையிலயே போயிருவியோன்னு அப்பா நொம்பப் பயந்துட்டாரு கண்ணு” என்று உங்களுக்காக இன்னும் பரிந்து பேசுகிறார். பயந்தது நீங்கள், விழுந்தது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நானும் பயந்து வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பேனா? அதுகூட எனக்குத் தெரியாமல் செய்துவிட்டீர்கள்.

கல்லறைத் திருநாளுக்கு வருவேன். புல் செதுக்கி மெழுகுவத்தி ஏற்றுவேன். மன்னித்துவிட்டதாகச் சொல்லச் சொல்லி அம்மா கையைப் பிடிப்பார். சொல்ல மாட்டேன். நம் வீட்டுக்கு நீங்கள் சொன்ன பொய் ஒன்றே போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள்,
ஸ்டெல்லா